மறுப்புத் துண்டை மடித்து வைக்காதீர்கள்

(தோட்ட மாதர் சங்க அங்கத்தவர்களும் குடும்பத்தாரும் கூடிய கூட்டமொன்றில் எமது நலன்புரி நிலையத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. அன்று வர முடியாமற்போனவர்களும் வாசித்துப் பயன்பெற வேண்டும் என்பதற்காக இங்கே பிரசுரிக்கிறோம். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.)



உங்களுக்குக் கிடைப்பதே கிழமையில் ஒரு நாள் ஓய்வு. அந்த நாளிலும் துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், டவுனுக்குப் போய் சாமான் வாங்க வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விடயத்துக்கு வருகிறோம்.

நடக்க ஏலாதவர்கள், கை விளங்காதவர்கள், கண் தெரியாதவர்கள், காது கேளாத பிள்ளைகள், மனம் சரியில்லாமல் வீட்டோடு இருப்பவர்கள் என்று ஒவ்வொரு லயத்திலும் யாராவது ஒருவர் இருக்கிறார். அவர்களுக்காக உதவிப்பணம் கேட்டு எழுதிப் போடுகிறோம். ஒரு நாள் “இல்லை” என்று பதில் வருகிறது. அந்தத் துண்டை நாலாய் மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, “கேட்டுப் பார்த்தோம், இல்லேன்னுட்டாங்க” என்று இருந்துவிடுகிறோம். இந்த “இல்லை”க்குப் பிறகு என்ன செய்யலாம் என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மறுப்பு வந்தால் அந்த ஆளுக்கு வருத்தம் இல்லை, அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தம் இல்லை. நாம் கொடுத்த காகிதம் அந்தக் கந்தோர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதுதான் பல வேளைகளில் விடயம். ஆளை மாற்ற ஏலாது. காகிதத்தைத் திருத்த ஏலும்.

மறுப்பு நம் மக்களுக்குப் புதிதும் அல்ல. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் பாட்டன் பாட்டிமார் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டவர்களில் பெரும்பாலானோருக்குப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. ஒரு பெயர் பிழை, ஒரு அத்தாட்சி குறைவு என்று தள்ளப்பட்ட மனுக்களும் அவற்றில் இருந்தன. மேலே போக வழி தெரியாமலும், வழக்காடக் காசு இல்லாமலும் அந்தத் தலைமுறை ஓய்ந்துபோனது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் மிச்சம் இருந்தவர்களின் பிரச்சினை தீர்ந்தது. பெரிய கந்தோரில் இல்லை என்றால் இல்லைதான் என்ற நினைப்பு நம் மனதில் ஊறிப்போனதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம். அதை நாம் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டாம்.

மூன்று கதவுகள்

இயலாமைக்காகக் காசு கேட்கிறோம் என்றால் அது ஒரே இடத்துக் காசு அல்ல. மூன்று கதவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு கதவிலும் கேட்கும் கேள்வி வேறு. ஒரு கதவுக்கு எழுதிய துண்டை இன்னொரு கதவில் நீட்டினால் அது திறக்காது.

முதற் கதவு பிரதேச செயலகம். குறைந்த வருமானம் உள்ள குடும்பத்து மாற்றுத்திறனாளிக்கான மாதாந்தக் கொடுப்பனவு இந்த வழியாக வருகிறது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இது 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வருடத்துக்குக் கணக்குப் பார்த்தால் 1,20,000 ரூபா. மருந்துக்கும் கிளினிக் போய்வர வாகனக் கூலிக்கும் இது எவ்வளவு பெரிய ஆதரவு என்பது உங்களுக்கே தெரியும். இந்தக் கதவில் இரண்டு கேள்விகள்: இந்த ஆளுக்கு என்ன இயலாமை? இந்தக் குடும்பத்தின் வருமானம் என்ன?

இங்கே ஒரு குழப்பம் வரும். அஸ்வெசும திட்டம் 2023ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கியது. குடும்பத்தின் கல்வி, சுகம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அங்கத்தவர்கள் ஆகிய ஆறு விடயங்களில் 22 சுட்டிகளை வைத்துக் குடும்பங்களைத் தெரிவு செய்தார்கள். குடும்பத்துக்கு அஸ்வெசும கிடைக்கவில்லை என்பது ஒன்று. மாற்றுத்திறனாளிக்கான கொடுப்பனவு கிடைக்கவில்லை என்பது இன்னொன்று. “நம்ம பேரு இல்லே” என்று யாராவது சொன்னால், எந்தப் பட்டியலில் இல்லை என்று முதலில் கேளுங்கள். படிவங்களில் ‘அங்கவீனர்’, ‘மாற்றுத்திறனாளி’, ‘விசேட தேவையுடையவர்’ என்று பலவிதமாக எழுதியிருக்கும். அதைப் பார்த்து மிரள வேண்டாம், எல்லாம் ஒன்றைத்தான் சொல்கின்றன.

இரண்டாவது கதவு வேலையில் பட்ட காயத்துக்கானது. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்து நாட்டில் இருக்கிறது. மலையில் வழுக்கி விழுந்து இடுப்பு போனவர், கவ்வாத்துக் கத்தி பட்டவர், பெக்டரி மெசினில் விரல் போனவர், வேலை நேரத்தில் குளவி கொட்டிப் பாதிக்கப்பட்டவர் எல்லோரும் தட்ட வேண்டிய கதவு இது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பி வரும் வழியிலும் நடக்கும் விபத்தும் இதில் சேரும். இங்கே கேட்கும் கேள்வி வருமானம் அல்ல. வேலையில்தானா நடந்தது? அதனால் உழைக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது? இவைதான் கேள்விகள். தோட்டத்தில் “இதுக்கெல்லாம் காசு இல்லை” என்று சொல்லிவிட்டால் அது முடிவு அல்ல. முடிவு சொல்பவர் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர். விபத்து நடந்து இரண்டு வருடங்களுக்குள் அவரிடம் கோரிக்கை போய்ச் சேர வேண்டும்.

மூன்றாவது கதவு நம் சொந்தக் காசு, ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எஃப். மாதாமாதம் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுகிறார்கள், தோட்டம் 12 வீதம் போடுகிறது. ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் எடுக்கலாம். அதற்கு முன்பே நிரந்தரமாக, முற்றாக வேலை செய்ய ஏலாமற்போனாலும் எடுக்கலாம். “நிரந்தரமாக, முற்றாக” என்ற அந்த இரண்டு சொற்கள்தான் இங்கே முக்கியம். “ஆறு மாதம் ஓய்வு எடுக்கவும்” என்று வைத்தியர் எழுதிய துண்டு இந்தக் கதவைத் திறக்காது. வருத்தம் உண்மைதான், துண்டும் உண்மைதான். ஆனால் அது வேறு கேள்விக்கான பதில். இதோடு ஊழியர் நம்பிக்கை நிதியும் இருக்கிறது. வேலையில் இருக்கும் அங்கத்தவர் நிரந்தரமாக இயலாமற்போனால் அதில் தனி உதவி உண்டு. ஆகவே செக்ரோலில் பேரை வெட்டச் சொல்வதற்கு முன்பு தொழில் கந்தோரில் ஒரு வார்த்தை விசாரியுங்கள். அவசரப்பட்டுப் பேரை வெட்டிவிட்டுப் பிறகு ஓடித் திரிய வேண்டாம்.

ஏன் என்று கேளுங்கள்

மறுப்பு வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை சண்டை போடுவது அல்ல, அழுவதும் அல்ல. காரணம் கேட்பது. அதையும் எழுத்தில் கேட்பது.

ஜன்னலில் இருந்தவர் வாயால் சொன்ன காரணத்தை நம்பி நடந்தால் நாம் ஏமாறக்கூடும். அவர் ஒன்று சொல்லியிருப்பார், பைலில் வேறு எழுதியிருக்கும். “உங்க பேரு வெயிட்டிங் லிஸ்டில் இருக்கு” என்று சொன்னால் அது மறுப்பே இல்லை. காசு வரும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். அப்போது என்ன இலக்கம், எந்தத் திகதியில் பதிந்தார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

காரணம் சொல்ல மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பிரதேச செயலகத்திலும் தொழில் கந்தோரிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். அவரிடம், “என் விண்ணப்பம் ஏன் மறுக்கப்பட்டது? அந்தத் தீர்மானத்தின் பிரதி வேண்டும்” என்று கேட்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டாலும் போதும், அதை எழுதிக்கொள்வது அவருடைய கடமை. 14 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே கந்தோரின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் 14 நாட்களுக்குள் முறையிடலாம். அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். ஆனால் ஒன்று, தகவல் வரும்வரை மேன்முறையீட்டுக்கான கடைசி நாள் காத்திருக்காது. நாள் நெருங்கினால் தெரிந்த காரணத்தை வைத்து மேன்முறையீட்டைப் போட்டுவிடுங்கள். “மேலதிக பத்திரங்கள் பின்னர் சமர்ப்பிக்கப்படும்” என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

கடிதம் சிங்களத்தில் வந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். அரச கந்தோருக்குத் தமிழில் எழுதவும், அதற்குத் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு நமக்கு உரிமை தந்திருக்கிறது. விளங்காத கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். “தமிழில் தாருங்கள்” என்று மரியாதையாகக் கேளுங்கள். அது சலுகை இல்லை, சட்டம்.

திகதியும் தபாலும்

வழக்கு நல்ல வழக்காக இருந்தும் நாள் தவறியதால் தோற்றுப்போவது நம் பக்கத்தில் அதிகம். 2023இல் அஸ்வெசும பட்டியல் வெளியானபோது மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபனைக்கும் ஜூலை 10ஆம் திகதி வரைதான் நாள் கொடுத்தார்கள். டவுனில் இருப்பவர் போனில் பார்த்துவிடுவார். மேற்பிரிவில் இருப்பவருக்குச் செய்தி வந்து சேரவே நாள் பிடிக்கும்.

பல தோட்டங்களில் தபால் நேரே லயத்துக்கு வருவதில்லை. கந்தோருக்குப் போய், அங்கே கிடந்து, பிறகு யார் கையிலாவது கொடுத்து விடுவார்கள். ஆகவே கடிதம் வந்தால் உறையை எறியாதீர்கள். உறையில் இருக்கும் தபால் முத்திரைத் திகதியும் அத்தாட்சிதான். உறையின் பின்பக்கத்தில், “இன்ன திகதியில் என் கைக்குக் கிடைத்தது” என்று எழுதி, கொண்டுவந்து தந்தவரிடம் ஒரு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாம் அனுப்பும்போது பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். நேரில் கொடுத்தால் பிரதியில் கந்தோர் முத்திரை குத்தி வாங்க வேண்டும். இந்தச் சின்னத் துண்டு பிறகு பெரிய சாட்சி.

காரணத்துக்கு ஏற்ற பதில்

காரணம் தெரிந்தால் பதில் தேடலாம். அடிக்கடி வரும் காரணங்களைப் பார்ப்போம்.

வருமானம் கூட என்று சொன்னால்: யார் யாரைக் குடும்பமாகக் கணக்கெடுத்தார்கள் என்று பாருங்கள். ஒரே காம்பராவில் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் இருக்கும், அடுப்பு வேறு வேறாக இருக்கும். எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்து எழுதினால் வருமானம் கூடத்தான் தெரியும். கொழும்புக்குப் போய்க் காசு அனுப்பாத மகனின் சம்பளத்தையும் சேர்த்திருக்கலாம். பேர் விழுந்த நாட்கள் எத்தனை என்று சம்பளத் துண்டுகளைக் காட்டுங்கள். நோயாளியைப் பார்க்க ஒருவர் வேலையை விட்டு நிற்கிறார் என்றால் அதையும் எழுதுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் உறுதிக் கடிதம் வாங்கி இணையுங்கள்.

பெயர் பொருந்தவில்லை என்று சொன்னால்: இது தோட்டத்துக்கே உரிய வியாதி. பிறப்புச் சான்றிதழில் இராமாயி, அடையாள அட்டையில் ராமாயி, செக்ரோலில் ராமக்கா. மூன்றும் ஒரே அம்மாதான். ஆனால் கம்பியூட்டருக்கு மூன்று பேர். இதற்குச் சமாதான நீதவான் முன்பு சத்தியக் கடதாசி முடித்து, தோட்டக் கந்தோரிலும் கிராம உத்தியோகத்தரிடமும் கடிதம் வாங்கி, மூன்று பெயரும் ஒருவரே என்று காட்ட வேண்டும். இதை வருத்தம் வரும்வரை தள்ளிப் போடாதீர்கள். நல்ல கை காலோடு இருக்கும்போதே ஈ.பி.எஃப். பெயரையும் அடையாள அட்டைப் பெயரையும் ஒத்துப் பாருங்கள்.

விபத்து வேலையில் நடக்கவில்லை என்று சொன்னால்: அன்று செக்ரோலில் பேர் இருந்ததா, எந்த மலையில் வேலை, பக்கத்து நிரையில் யார் நின்றார்கள், தோட்ட டிஸ்பென்சரியில் அன்றே மருந்து கட்டினார்களா, ஆஸ்பத்திரி டிக்கட்டில் எப்படிக் காயம் பட்டது என்று எழுதியிருக்கிறதா என்றெல்லாம் தேட வேண்டும். இவைதான் சாட்சி. இனிமேல் யாருக்காவது அடிபட்டால், தூக்கிக்கொண்டு ஓடும்போதே ஒருவர் கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் சொல்லிப் பதிவு செய்யட்டும். ஆஸ்பத்திரியில், “வீட்டில் விழுந்தது என்று சொல்லு” என்று யாராவது சொல்லித் தந்தால் கேட்காதீர்கள். உண்மையைச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி பிறகு நட்டஈட்டையே இல்லாமலாக்கிவிடும். ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்து ஏதாவது தாளில் கையெழுத்துக் கேட்டாலும், அதை வாசிக்கச் செய்து கேட்காமல் கைநாட்டு வைக்காதீர்கள்.

வைத்தியச் சான்று போதாது என்று சொன்னால்: இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வைத்தியரிடம் “ஏலும்” என்று சொல்லும் பழக்கம்

நம் மக்களுக்கு ஒரு ரோசம் உண்டு. ஏலாது என்று சொன்னால் கேவலம். சின்ன வயதிலிருந்து, ஏலும் என்று சொன்னவருக்குத்தான் பேர் விழுந்தது. ஏலாது என்றவருக்கு அரைப்பேர். ஆகவே இடுப்பு முறிந்தாலும் “சமாளிச்சுக்கிறேன்” என்கிறோம். வைத்தியரிடம் போகும் நாளில் முழுகி, நல்ல சீலை உடுத்தி, மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு போய், கதவுக்கு வெளியே அவளை நிறுத்திவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நாலு அடி நடந்து காட்டுகிறோம். “எப்படி அம்மா இருக்கு?” என்று அவர் கேட்டால், “பரவாயில்லீங்க ஐயா” என்கிறோம். அவரும் பரவாயில்லை என்று எழுதுகிறார். அவர் மேல் என்ன பிழை?

பொய் சொல்லுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லாதீர்கள், பிடிபட்டால் அடுத்தவருக்கும் கிடைக்காது. ஆனால் குறைத்தும் சொல்லாதீர்கள். அதுவும் உண்மை அல்ல.

நோயின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. “வாதம்”, “டயபட்டிஸ்”, “இடுப்பு நோவு” என்று எத்தனையோ பேருக்கு இருக்கிறது. அதனால் என்ன ஏலாது என்று சொல்ல வேண்டும். லயத்திலிருந்து பீலிக்கு நடக்க எத்தனை தடவை உட்கார வேண்டியிருக்கிறது? ஒரு குடம் தண்ணீர் தூக்க ஏலுமா? கழிவறைக்குத் தனியாகப் போக ஏலுமா? இரவில் யார் எழுப்பி விடுகிறார்கள்? சோறு பிசைந்து சாப்பிட ஏலுமா, ஊட்ட வேண்டுமா? நல்ல நாள் என்றால் எப்படி, மோசமான நாள் என்றால் எப்படி, கிழமையில் மோசமான நாள் எத்தனை? ஒரு கிழமைக்குக் கொப்பியில் எழுதிப் பாருங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். அந்தத் தாளை வைத்தியரிடம் காட்டுங்கள். கூடப் பார்த்துக்கொள்பவரையும் உள்ளே அழைத்துப் போங்கள். பாதி உண்மை அவர் வாயிலிருந்துதான் வரும்.

கண்ணுக்குத் தெரியாத இயலாமைக்கு இது இன்னும் முக்கியம். காக்கை வலிப்பு, மனநோய், புத்தி வளர்ச்சி குறைவு, காது கேளாமை எல்லாம் பத்து நிமிடத்தில் பார்த்துத் தெரிவதில்லை. “பையன் நல்லாத்தானே நிற்கிறான்” என்று சொல்லிவிடுவார்கள். இரவில் அவன் வெளியே ஓடாமல் இருக்கத் தாய் கதவடியில் படுத்திருப்பது யாருக்குத் தெரியும்? அதைச் சொன்னால்தான் தெரியும். அப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்பதை மறைத்து வைக்கும் குடும்பங்களும் உண்டு. கணக்கெடுக்க வந்தவரிடம் மறைத்தால் படிவத்திலும் அந்தப் பிள்ளை இல்லை. படிவத்தில் இல்லாத பிள்ளைக்கு உதவி எப்படி வரும்? அந்தப் பிள்ளையால் நமக்கு வெட்கம் இல்லை, தாய்மாரே. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டிலேயே நாட்டில் 28ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. நாம்தான் இன்னும் ஒளித்து வைத்திருக்கிறோம்.

தோட்ட டிஸ்பென்சரித் துண்டை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரி வைத்தியரின் சான்று வேண்டும். கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, டிக்கட் வெட்டும்போது தந்த அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, மழை படாமல் வைத்துக்கொள்ளுங்கள். லயத்துக் கூரை ஒழுகினால் முதலில் போவது இந்தக் காகிதங்கள்தான்.

மேன்முறையீடா, புதிய விண்ணப்பமா?

இரண்டும் ஒன்றல்ல. நாம் முன்பே காட்டிய உண்மையை அவர்கள் கவனிக்கவில்லை, பிழையாகக் கணக்கெடுத்தார்கள் என்றால் மேன்முறையீடு. “நீங்கள் செய்த தீர்மானத்தை மீண்டும் பாருங்கள்” என்று கேட்கிறோம். வருத்தம் கூடிவிட்டது, உழைத்தவர் வேலையை விட்டுவிட்டார், புதிய வைத்தியச் சான்று கிடைத்தது, அல்லது மேன்முறையீட்டு நாள் போய்விட்டது என்றால் புதிய விண்ணப்பம். “நிலைமை மாறிவிட்டது” என்று சொல்கிறோம்.

மேன்முறையீட்டுக்கு நாள் இருக்கும்போது, “அதெல்லாம் எதுக்கு, புதுசா பாரம் நிரப்புவோம்” என்று இருக்காதீர்கள். பழைய தீர்மானம் பிழை என்ற பேச்சே அதோடு போய்விடும். புதிதாக விண்ணப்பிக்கும்போது பழைய பாரத்தை அப்படியே திரும்ப எழுதவும் வேண்டாம். அதே விதை போட்டால் அதே செடிதான். எந்தக் காரணத்தால் மறுத்தார்களோ, அந்தக் காரணத்துக்கான பதில் புதிய விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

மேன்முறையீட்டுக் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. பிரதேச செயலாளருக்கு இப்படி எழுதலாம்:

“ஐயா / அம்மணி,

............ தோட்டம், ............ பிரிவு, ............ இலக்க லயத்தில் வசிக்கும் ............ ஆகிய நான் (அடையாள அட்டை இல. ............) மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு ............ ஆம் திகதி விண்ணப்பித்தேன். ............ என்ற காரணத்தால் அது மறுக்கப்பட்டதாக ............ ஆம் திகதி எனக்கு அறிவிக்கப்பட்டது.

இக்காரணம் எனது உண்மை நிலைமைக்குப் பொருந்தவில்லை. ஏனெனில் ............ . இதற்கு ஆதாரமாக (1) வைத்தியச் சான்றிதழ், (2) கிளினிக் கொப்பிப் பிரதி, (3) சம்பளத் துண்டுகள், (4) கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

எனது விண்ணப்பத்தை மீண்டும் பரிசீலித்து, தீர்மானத்தையும் அதற்கான காரணத்தையும் தமிழில் எழுத்து மூலம் அறியத் தருமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கையொப்பம் அல்லது பெருவிரல் அடையாளம், திகதி”

மூலப் பத்திரங்களைக் கொடுக்காதீர்கள், பிரதிகளைக் கொடுங்கள். மூலத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். “நான் முடிச்சுத் தாறேன், கொஞ்சம் செலவாகும்” என்று ஒருவர் வந்தால் காசு கொடுக்காதீர்கள். விண்ணப்பமும் மேன்முறையீடும் விலைக்கு வாங்கும் சாமான் அல்ல.

அதற்கும் மேலே

பிரதேச செயலகத்தில் தீராவிட்டால் மாவட்டச் செயலகத்துக்கு, நம் பாஷையில் கச்சேரிக்கு எழுதலாம். இனம், மொழி, தோட்டத்து ஆள் என்ற பாகுபாட்டால் மறுக்கப்பட்டது என்று நினைத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழு இருக்கிறது. கண்டியிலும் பதுளையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போவது நல்லது, பிறகு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தாலும் அது உதவும். சட்டத்தரணிக்குக் காசு இல்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. எந்தக் கந்தோர் எங்கே என்று தெரியாவிட்டால் 1919 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் அரசாங்கத் தகவல் நிலையத்தில் சொல்வார்கள்.

எல்லா மேன்முறையீடும் வெல்லும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. எல்லாம் சரியாகச் செய்தும் கிடைக்காமற்போவதும் உண்டு. ஆனால் கேட்காமல் விட்டதால் போன காசைத் திரும்பப் பிடிக்க ஒரு வழியும் இல்லை.

லயமாகச் செய்ய வேண்டியது

கடைசியாக ஒரு வேண்டுகோள். படுக்கையில் இருப்பவர் பிரதேச செயலகத்துக்கு மூன்று பஸ் மாறிப் போக ஏலாது. அவரைப் பார்க்கும் தாய் ஒரு நாள் போனால் அன்றைய பேர் போகும். மூன்று தரம் அலைந்தால் மூன்று நாள் சம்பளம் போகும். அவர்கள் கைவிடுவது சோம்பலால் அல்ல, இந்தக் கணக்கால்தான். ஆகவே இதை ஒரு குடும்பத்தின் பாடு என்று விடாமல் லயத்தின் பாடாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓ.எல்., ஏ.எல். படித்த பிள்ளைகள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். போன் பார்க்கும் நேரத்தில் அரை மணித்தியாலம் போதும், ஒரு கடிதம் எழுதிவிடலாம். தோட்டத் தலைவர்மார் கந்தோருக்குப் போகும் நாளில் நாலு வீட்டுத் துண்டுகளையும் சேர்த்து எடுத்துப் போகலாம். மாதர் சங்கம் ஒரு கொப்பி போட்டு, யார் எப்போது விண்ணப்பித்தார், எப்போது பதில் வந்தது, கடைசி நாள் எப்போது என்று எழுதி வைக்கலாம். ஆஸ்பத்திரிக்கு ஒருவர் போகும் அன்று பக்கத்து வீட்டார் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் நாம் இப்படித்தானே கூடுகிறோம்?

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மடித்து வைத்த துண்டு இருந்தால் எடுத்துத் திகதியைப் பாருங்கள். என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். காரணமே எழுதவில்லை என்றால், ஏன் என்று கேட்டு நாளைக்கே ஒரு கடிதம் போடுங்கள். எழுதித் தர ஆள் இல்லாவிட்டால் தோட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி அனுப்புங்கள், நாங்கள் உதவி செய்கிறோம்.